"ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதை எங்க வீட்ல நிறுத்திட்டோம்

2025 ஆகஸ்ட் 18, திங்கக்கிழமை, கொட்டற மழை. மும்பைல இருக்கறவங்களுக்கு அந்த வாரம் மறக்காது, அடுத்த நாள் சாயங்காலம் தான் மோனோ ரயில் மைசூர் காலனி பக்கம் ஆளுங்களோட நடுவுல நின்னு, கண்ணாடிய உடைச்சு இறக்குனாங்களே, அந்த வாரம். எங்க கதை அவ்ளோ பெருசில்ல, டிவில எல்லாம் வரல. என் பொண்ணுக்கு பத்து வயசு. ஸ்கூல் பஸ் காந்தி மார்க்கெட் தாண்டறதுக்குள்ள தண்ணில நின்னுபோச்சு. ரெண்டரை மணி நேரம். தண்ணி முதல் படி ஏறி ரெண்டாவது படிய தொட்டுச்சாம். அப்புறம் அந்த ஏரியா கடைப் பசங்க இடுப்பளவு தண்ணில வந்து ஒவ்வொரு பிள்ளையா தோள்ல தூக்கிட்டுப் போய் ஒரு துணிக்கடை மேல்படில உக்கார வெச்சிருக்காங்க. நான் சயான்ல இருந்து நடந்தே போய் கூட்டிட்டு வந்தேன். ஒரு கீறல் இல்ல. ரசம் சாதம் சாப்ட்டா, தூங்கிட்டா. சரி முடிஞ்சுதுன்னு நெனச்சோம்.

முடியல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள் அவ ஸ்கூல் பேக்கை எதேச்சையா தூக்கறேன், செம வெயிட். உள்ள பாத்தா ஒரு செட் டிரஸ் பிளாஸ்டிக் கவர்ல, டார்ச், பார்லேஜி ரெண்டு பாக்கெட், அவங்க ஆச்சியோட சின்ன போட்டோ ஒண்ணு. மேகம் கருத்தா வயித்து வலி. ராத்திரி மழை சத்தம் கேட்டா எந்திரிச்சு ஜன்னல் கிட்ட நிப்பா, கீழ ரோட்ல பைக் சக்கரம் எவ்ளோ முங்கியிருக்குன்னு பாத்துட்டே இருப்பா. கேட்டா "சும்மா"ம்பா.

நானும் என் வைஃபும் எல்லா அப்பா அம்மாவும் பண்றதை தான் பண்ணோம். ஒண்ணும் ஆகாதுடா, தூங்கு. ஒண்ணும் ஆகாது, மும்பைல இதெல்லாம் சகஜம். ஒரு நாள் ராத்திரி அவ திரும்பிக் கேட்டா, கோவமா கூட இல்ல, சாதாரணமா தான் கேட்டா: "ஒண்ணும் ஆகாதுன்னா நீங்க ஏன்ப்பா மூணு நாளா போனை கீழ வெக்கல? ஆச்சி ஊர்லயும் வெள்ளம் வந்துச்சு. இங்கயும் வருது. அப்போ நாம எங்கப்பா போறது?"

எனக்கு பதில் வரல.

அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கறத சொல்லணும். எங்க அம்மா, அதான் பாப்பாவோட ஆச்சி, அப்போ எங்க கூட தான் இருந்தாங்க. சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அப்பா தாராவில தோல் பட்டறை ஒண்ணுல கணக்கு எழுதிட்டிருந்தார், நானும் தங்கச்சியும் 90 ஃபீட் ரோடு பக்கத்து சால்ல (வரிசையா ஒத்தை ரூம் வீடுங்க இருக்கற கட்டடம்) தான் வளர்ந்தோம். அப்பா வேலைய விட்டதும் ரெண்டு பேரும் ஊருக்கே போயிட்டாங்க, அப்பா தவறினதுக்கு அப்புறமும் அம்மா தனியா அங்கயே இருந்தாங்க. 2023 டிசம்பர் 17, 18ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் கொட்டுச்சே, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயில் அத்தனை பயணிகளோட நின்னுச்சே, அப்ப அம்மா கிட்ட இருந்து மூணு நாள் போன் இல்ல. நான் அந்த மூணு நாளும் என்ன பண்ணேன்னு என் பொண்ணு பாத்துட்டு தான் இருந்திருக்கா. அப்போ அவளுக்கு எட்டு வயசு, அவளுக்கு என்ன புரியப் போகுதுன்னு நாங்க நெனச்சிட்டிருந்தோம்.

வேடிக்கை என்னன்னா 2005 ஜூலை 26ல மும்பை சாந்தாக்ரூஸ்ல பதிவான மழை 944 மி.மீ. அதாவது 94 செ.மீ. சொச்சம். ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு, ரெண்டுலயும் எங்கம்மா மாட்டிக்கிட்டாங்க. இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தது நான் இல்ல, என் பொண்ணு.

அந்த 2005 ஜூலை 26 பத்தி நான் வீட்ல வாயே திறந்ததில்ல. எனக்கு அப்போ 16 வயசு, 11ஆம் கிளாஸ். வித்யாவிஹார்ல இருந்து தண்டவாளம் மேலயே நடந்தேன், குர்லா வந்தப்போ இருட்டிடுச்சு, கழுத்து வரைக்கும் தண்ணி. யாரோ ரெண்டு பக்க கம்பத்துலயும் கயிறு கட்டி வெச்சிருந்தாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வரிசையா போனோம், முன்னாடி போனவர் தோள்ல நான் கை வெச்சிருந்தேன், அவர் முகத்தை நான் கடைசி வரைக்கும் பாக்கல. எருமை மாடு ஒண்ணு செத்து மிதந்து வந்து என் நெஞ்சுல இடிச்சுட்டுப் போச்சு. வீட்டுக்கு வந்தப்போ மறுநாள் காலை ஆறு மணி. அம்மாவும் தங்கச்சியும் மாடி வீட்டு மராத்தி அக்கா வீட்ல, பதினாலு பேரு ஒரு ரூம்ல உக்காந்திருந்தாங்க. அப்பா மதியம் வந்தார். அவ்ளோ தான், அதுக்கப்புறம் நாங்க யாரும் அதைப் பத்திப் பேசல. ஆனா ஒவ்வொரு ஜூன் மாசமும் எனக்கு காரணமே இல்லாம கோவம் வரும், வீட்ல எரிஞ்சு விழுவேன், ராத்திரி ரெண்டு மணிக்கு ராடார் படம் பாப்பேன். என் வைஃப் அதுக்கு வெச்சிருக்கற பேரு "ஜூன் பேய்". நான் சிரிச்சிட்டு விட்டுருவேன். பாப்பாவோட பயம் பஸ்ல ஆரம்பிச்சதுன்னு நான் சொல்லிட்டிருந்தேன், உண்மைல பாதி அவ என்கிட்ட இருந்து தான் வாங்கியிருக்கா.

இதை எனக்குச் சொன்னது ஒரு கவுன்சிலர் அம்மா. வயித்து வலின்னு குழந்தை டாக்டர் கிட்ட போய், அவர் அங்க அனுப்பினார். மூணு சிட்டிங் தான் போனோம். அவங்க முதல்ல சொன்னது, இது வியாதி இல்ல, நிஜமாவே இருக்கற ஆபத்தைப் பாத்து வர்ற பயம், அதனால பயமே வரக்கூடாதுன்னு ட்ரை பண்ணாதீங்க. 2021ல பத்து நாட்டுல 16ல இருந்து 25 வயசுக்குள்ள 10,000 பேர் கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்களாம், இந்தியாவும் அதுல உண்டு, பருவநிலை மாற்றத்தை நெனச்சு ரொம்பவே கவலைப்படறோம்னு 59 சதவீதம் பேர் சொல்லியிருக்காங்க. அதனால உங்க பொண்ணு தனி ஆள் இல்லன்னாங்க. எது கவனிக்கணும்னா தூக்கம், சாப்பாடு, ஸ்கூல் போறது, விளையாட்டு. இதுல ஏதாவது வாரக்கணக்கா கெட்டுப்போச்சுன்னா உதவி வேணும். காசு கொடுத்துப் போக முடியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர் 14416, இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

ரெண்டாவதா அவங்க கேட்டது, "நீங்க உங்க கதைய அவ கிட்ட சொல்லியிருக்கீங்களா?" சொன்னா இன்னும் பயப்படுவாளேன்னேன். "பாதி கதை தான் பயமுறுத்தும், முழுசா சொல்லுங்க"ன்னாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், மழை இல்லாத நாளா பாத்து சொன்னேன். (ராத்திரி சொல்லாதீங்க, மழை பெய்யும்போதும் வேண்டாம்.) எருமை மாட்டை விட்டுட்டேன், ஆனா அம்மா பக்கத்துல இருந்து "ஏட்டி, உங்கப்பன் மேல எருமை நாத்தம் மூணு நாள் போகல"ன்னு போட்டு உடைச்சுட்டாங்க. பாப்பா சிரிச்சா! அதுக்கப்புறம் அம்மாவும் ஊர் வெள்ளத்தை சொன்னாங்க. பீரோல இருந்த தாத்தாவோட ஒரே கல்யாண போட்டோ சேத்துல ஊறி முகமே அழிஞ்சு போச்சுன்னு. அதைச் சொல்லும்போது அழுதாங்க. நான் பேச்சை மாத்தலாம்னு வாயத் திறந்தேன், என் வைஃப் என் கைய அழுத்திட்டாங்க. பாப்பா எந்திரிச்சுப் போய் தண்ணி கொண்டு வந்து கொடுத்தா. அவ பேக்ல ஏன் ஆச்சி போட்டோ இருந்துச்சுன்னு எனக்கு அப்ப தான் புரிஞ்சுது.

பெரியவங்க அழுதுட்டு அப்புறம் எந்திரிச்சு காபி போடறதை பிள்ளைங்க பாக்கட்டும். நான் கடைசி வரைக்கும் எங்கப்பா அழுது பாத்ததே இல்ல, அது எனக்கு நல்லது பண்ணலன்னு தான் இப்ப தோணுது.

அடுத்தது போன் விஷயம். நான் ஸ்க்ரோல் பண்றதை நிறுத்தறேன்னு சொன்னது ஈஸி, பண்றது ரொம்பக் கஷ்டம். மழை நாள்ல வாட்ஸ்அப் குரூப்ல வர்ற வீடியோல பாதி வேற ஊரு, மீதி பழைய வருஷம். இப்ப ரூல் என்னன்னா காலைல ஏழு மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ராத்திரி எட்டுக்கு ஒரு தடவை ஐஎம்டி (வானிலை ஆய்வு மையம்) மும்பை எச்சரிக்கையும் மாநகராட்சி அறிவிப்பும் மட்டும். எட்டுக்கு அப்புறம் போன் சாமி ரூம்ல. முதல் வாரம் நான் நாலு தடவை சாமி கும்பிடப் போனேன், பாப்பா எண்ணி வெச்சிருந்தா.

அவளுக்கு பயம் குறைய ஆரம்பிச்சது உண்மைல எப்பன்னு கேட்டா, நம்பர் புரிய ஆரம்பிச்சப்போ தான். ரெட் அலெர்ட்னா ஊரே முங்கும்னு நெனச்சிட்டிருந்தா. உக்காந்து படிச்சோம். ஒரு நாள்ல 64.5 மி.மீ. தாண்டினா கனமழை, 115.6ல இருந்து மிக கனமழை, 204.4க்கு மேல அதி கனமழை. கலர் சொல்றது எவ்ளோ உஷாரா இருக்கணும்ங்கறத. ரெட் வந்த நாள் எல்லாம் நம்ம தெருவுல வெள்ளம் வரும்னு அர்த்தம் இல்ல. 2005ல சாந்தாக்ரூஸ்ல 944 பெய்ஞ்ச அதே நாள் கொலாபால வெறும் 73 தான்னு படிச்சுக் காட்டினேன். ஒரே ஊரு. அதைக் கேட்டு அவ ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "அப்போ நம்ம வீட்டு மழைய நாம தான் அளக்கணும்"னா.

அளந்தோம். அடியில இருந்து மேல வரைக்கும் ஒரே அகலமா இருக்கற பிளாஸ்டிக் பாட்டிலா பாத்து மேல் பாகத்தை வெட்டி, அதையே கவுத்து புனல் மாதிரி வெச்சு, உள்ள ஸ்கேல் ஒட்டி, மொட்டை மாடில செங்கல் நடுவுல சொருகிட்டோம். அடி வளைஞ்ச பாட்டில்னா அந்த வளைவு வரைக்கும் தண்ணி ஊத்தி அதுல இருந்து ஜீரோன்னு வெச்சுக்கணும், இல்லன்னா கணக்கு தப்பும், நாங்க முதல் பத்து நாள் தப்பா தான் எழுதினோம். தினமும் காலைல எட்டரைக்கு போய்ப் பாத்து நோட்ல எழுதறது அவ வேலை, ஸ்கூல் இருக்கற நாள்ல ஆச்சி போன்ல போட்டோ எடுத்து வெப்பாங்க. ஒரு மி.மீ.ன்னா ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர் தண்ணி. அந்தக் கணக்குல எங்க மொட்டை மாடில விழுந்தது எத்தனை குடம்னு அவளே பெருக்கிச் சொல்லுவா. செப்டம்பர்ல ஒரு ராத்திரி பயங்கர இடி, நான் உள்ளுக்குள்ள நடுங்கிட்டிருந்தேன், காலைல பாத்தா 41. "சத்தம் தான்ப்பா ஜாஸ்தி"ன்னா.

ஹை டைட் விஷயம் இன்னும் சுவாரசியம். மும்பைல மழை மட்டும் பிரச்சனை இல்ல, கடல் ஏறியிருக்கற நேரத்துல கொட்டினா சாக்கடை தண்ணி கடலுக்குப் போக வழியில்லாம திரும்பி வருது, அந்த ஏத்தம் நாலரை மீட்டர் தாண்டற நாளெல்லாம் உஷார். மாநகராட்சி சீசன் ஆரம்பத்துலயே அந்தத் தேதியெல்லாம் வெளியிடறாங்க. அதை எங்க வீட்டு தினசரி காலண்டர்ல பாப்பா சிவப்பு பேனால குறிச்சிட்டு இருந்தப்போ அம்மா எட்டிப் பாத்துட்டு, "இதுக்கு எதுக்கு லிஸ்ட்டு, அமாவாசை பவுர்ணமி ஒட்டி தானே வருது, திருச்செந்தூர்ல கடல் அன்னிக்கு தானே பொங்கும்"னாங்க. பாத்தா சரியா அப்படித்தான், அமாவாசை பவுர்ணமி முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள். அன்னில இருந்து ஆச்சி வீட்டுக்கு வானிலை ஆபீசர் ஆயிட்டாங்க. இருட்டு ரூம்ல ஒரு ஓரமா பாரம் மாதிரி உக்காந்திருந்த அம்மாவுக்கும் இது ஒரு மருந்தா வேலை செஞ்சுது, அதை நான் எதிர்பார்க்கல.

பிளான் எழுதி வெச்சோம். "ஒண்ணும் ஆகாது"க்கு பதிலா "ஆனா என்ன பண்ணுவோம்". பஸ் நின்னா பஸ்லயே இரு, பெரியவங்க சொல்லாம தண்ணில கால் வெக்காத, ஏன்னா கீழ மேன்ஹோல் மூடி திறந்திருக்கும், கரண்ட் கம்பம் இருக்கும். யாரு வந்து கூட்டிட்டுப் போகலாம்னு மூணு பேர், அதுல ரெண்டு பேர் ஸ்கூலுக்குப் பக்கத்துலயே இருக்கறவங்க, ஏன்னா அந்த நேரத்துல லோக்கல் ட்ரெயின் ஓடாது, நான் அந்தேரில இருந்து பறந்தா வர முடியும்? நம்பர் எல்லாம் பேப்பர்ல எழுதி லேமினேட் பண்ணி பேக்ல. மாநகராட்சி அவசர நம்பர் 1916. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் ஜிப் கவர்ல மேல் ஷெல்ஃப்ல. தாத்தா போட்டோ மாதிரி இனி போகக்கூடாதுன்னு இருக்கற பழைய போட்டோ எல்லாத்தையும் பாப்பாவும் என் தங்கச்சியும் சேர்ந்து ஸ்கேன் பண்ணாங்க. அழுக்குத் தண்ணில நடந்திருந்தா, அதுவும் கால்ல புண்ணு இருந்தா, ரெண்டு மூணு நாளுக்குள்ள டாக்டரைப் பாத்து எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை வேணுமான்னு கேக்கணும். நாங்க ஆகஸ்ட்ல அதைக் கூட மறந்துட்டோம்.

பிளான் எழுதின அன்னிக்கு அவ பேக்ல இருந்து டிரஸ்ஸை அவளே எடுத்து வெளிய வெச்சா. பார்லேஜி மட்டும் இருக்கட்டும்னுட்டா.

சொதப்பினதையும் சொல்லணும். உலகம் சூடாகறது பத்தி "புரிஞ்சா பயம் போயிடும்"னு டாக்குமெண்டரி போட்டுக் காட்டினேன், ரெண்டு நாள் அவ சரியா சாப்பிடல. அப்புறம் "நம்மால முடிஞ்சதை பண்ணுவோம்"னு தண்ணிய மிச்சம் பிடிக்கறது, லைட் ஆஃப் பண்றதுன்னு ஆரம்பிச்சு வெச்சேன், அவ வீட்டு போலீஸ் ஆயிட்டா. ஆச்சி ஃபேன் போட்டா கத்துவா. ஒரு நாள் என் வைஃப் கிட்ட மெதுவா கேட்டிருக்கா, "நான் பல் தேய்க்கும்போது பைப்பை திறந்து விட்டேன்ல, அதனால தான் ஆச்சி ஊர்ல வெள்ளம் வந்துச்சா?" என் வைஃப் அன்னிக்கு என்னைப் பாத்த பார்வைய எழுத முடியாது. பத்து வயசுப் பிள்ளை தலைல உலகத்தை தூக்கி வெச்சுட்டோம்.

அப்புறம் நிதானமா உக்காந்து சொன்னோம். காத்து ஒரு டிகிரி சூடானா அதால சுமாரா ஏழு சதவீதம் அதிக ஈரத்தை தாங்க முடியும், அதனால பெய்யும்போது மொத்தமா கொட்டுது. காத்து சூடாகறது நூறு வருஷத்துக்கும் மேல உலகம் பூரா எரிச்ச நிலக்கரி, பெட்ரோலால. உன் பைப்பு காரணம் இல்ல. அதைச் சரி பண்றதும் பெரியவங்க, கவர்மெண்ட், கம்பெனிங்க வேலை. ஃபேனை ஆஃப் பண்றது நல்ல பழக்கம், அவ்ளோ தான். நானும் ஒரு பெரியவன்ங்கறதால எங்க பில்டிங் சொசைட்டி மீட்டிங்ல முதல் தடவையா எந்திரிச்சு நின்னு, மே மாசத்துக்குள்ள காம்பவுண்ட் சாக்கடை தூர்வாரணும், கிரவுண்ட் ஃப்ளோர் மீட்டர் பாக்ஸை உயர்த்தணும்னு சண்டை போட்டேன். மீட்டர் பாக்ஸ் இன்னும் அங்கேயே தான் இருக்கு. ஆனா பாப்பா கதவோரமா நின்னு கேட்டுட்டிருந்தா.

மனசு ரொம்ப பாரமா இருக்கற ஞாயித்துக்கிழமைல எங்க போவோம்னா, தாராவி டெப்போ எதிர்ல இருக்கற மஹாராஷ்டிரா நேச்சர் பார்க். வெளியூர்க்காரங்களுக்கு அதிகம் தெரியாது. மித்தி ஆத்தங்கரைல ஒரு காலத்துல ஊர் குப்பையெல்லாம் கொட்டின மேடு அது. அதுக்கு மேல மண்ணைப் போட்டு மரம் நட்டு 1994ல பார்க்கா திறந்தாங்க. இப்ப உள்ள போனா காடு மாதிரி, வண்ணத்துப்பூச்சி, மைனா, அந்தப் பக்கம் அலையாத்தி மரம். நான் சின்னப் பையனா இருந்தப்போ இடுப்பளவு இருந்த மரம் இப்ப மூணு மாடி உயரம். அங்க நான் அட்வைஸ் எதுவும் பண்றதில்ல. கீழ இன்னும் குப்பை இருக்கான்னு அவ கேட்டா, இருக்குன்னேன். காலால மண்ணை லேசா கிளறிப் பாத்தா, மண்ணு தான் வந்துச்சு.

பயம் மொத்தமா போயிடுச்சான்னா இல்ல. இன்னும் ஸ்கூல் பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலன்னா முகம் மாறிடும். திடீர்னு பதட்டம் வந்தா கவுன்சிலர் சொன்ன மாதிரி மூச்சை மெதுவா இழுத்து, உள்ள இழுத்ததை விட அதிக நேரம் வெளிய விடறது ஒண்ணு. ஆச்சி வழி இன்னொண்ணு, முருங்கைக்கீரை கட்டைக் கைல கொடுத்து "உருவுட்டி"ன்னுடுவாங்க. எனக்கு ரெண்டாவது தான் வேலை செய்யுது.

அக்டோபர்ல அம்மா, வடகிழக்கு மழை வர்றதுக்குள்ள ஓடு மாத்தணும், ஊருக்குப் போறேன்னு நின்னுட்டாங்க. நான் வேண்டாம்னேன், சண்டை போட்டேன். பாப்பா தான் "போகட்டும்ப்பா, பிளான் எழுதிக் கொடுக்கலாம்"னா. பக்கத்து தெரு சித்தப்பா மாடி வீடு, பஞ்சாயத்துக்காரர் நம்பர், மாத்திரை எல்லாம் எழுதி லேமினேட் பண்ணி, கூட ஒரு பாட்டிலும் வெட்டிக் கொடுத்து தாதர்ல சாளுக்யா எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விட்டோம். ஸ்கேல் ஒட்ட மறந்துட்டா.

முதல் மழை பெய்ஞ்ச அன்னிக்கு காலைல ஸ்பீக்கர்ல போன்.

"ஏட்டி, ரெண்டு விரக்கடை இருக்கு."

"மில்லி மீட்டர்ல சொல்லுங்க ஆச்சி!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரெண்டு விரக்கடை. எழுதிக்கோ."

நோட்ல 'ஊர்'னு புதுசா ஒரு கட்டம் போட்டு, ரெண்டு விரக்கடைன்னு எழுதிட்டு, என் கைய இழுத்து விரல் மேல ஸ்கேலை வெச்சு அளந்தா. அப்புறம் தலைய ஆட்டிட்டு, "உங்க விரல் தடிமன்ப்பா, ஆச்சி விரல் ஒல்லி. இது சரி வராது"ன்னு சொல்லிட்டு திரும்ப ஆச்சிக்கு போன் போட்டா.